சோவியத் ராணுவத்துல சாதா சிப்பாயோட வாழ்க்கை எப்படி இருந்துச்சு?

பழையரேடியோ: பனிப்போர் கால சோவியத் ஆர்மினாலே செஞ்சதுக்க அணிவகுப்பு, டாங்கி, ஏவுகணை இதான் கண்ணு முன்னாடி வருது. நேட்டோவே மிரண்ட படை. ஆனா 18 வயசுல கட்டாயமா சேர்த்த பையனுக்கு உள்ள என்ன நடந்துச்சு? சாக்ஸ்கூட குடுக்க மாட்டாங்களாமே, நெசமா?

பனிமனிதன்: நெசம்தாங்க. சாக்ஸுக்கு பதிலா போர்த்யான்கினு ஒரு துணி, சுமார் 35க்கு 90 சென்டிமீட்டர். விரல்ல ஆரம்பிச்சு இறுக்கி சுத்தி பூட்ஸுக்குள்ள விடணும், ஒரு மடிப்பு விழுந்தாலும் சாயங்காலத்துக்குள்ள கொப்புளம்தான். பாதம் நனைஞ்சா கழட்டி, கெண்டைக்கால் பக்கம் இருந்த காஞ்ச முனைய பாதத்துக்கு மாத்தி சுத்திக்கலாம், அதனால கேவலமா நினைக்காதீங்க, செம ஐடியா. ரஷ்யாவுல 2013லதான் கைவிட்டாங்க. காலைல எழுந்து 45 செகண்டுக்குள்ள டிரெஸ் பண்ணணும்னு சார்ஜென்ட் தீக்குச்சி கொளுத்தி நிப்பாராம், அது அணையறதுக்குள்ள முடிக்கணும், அதுலயும் இந்த துணிதான் பாடாபடுத்தும்.

கிழக்குக்காற்று: துணிய விடுங்க, பெரிய கொடுமை தெதோவ்ஷினா, அதாவது சீனியர் சிப்பாய் ஜூனியர படுத்தற ராகிங். 1967 சட்டத்துல தரைப்படை சர்வீஸ் 3 வருஷத்துலேர்ந்து 2 ஆச்சு, ஆறு மாசத்துக்கு ஒரு தடவ ஆள் எடுப்பாங்க, ஆக பாரக்ஸ்ல எப்பவும் நாலு பேட்ச். கடைசி அரை வருஷத்துல இருக்கறவன் "தெத்", அதாவது தாத்தா. 20 வயசு தாத்தா! அவன் காலர்ல தினமும் புது வெள்ளைத்துணி தைக்கறது, அவன் பெட் விரிக்கறது எல்லாம் புதுப்பையன் வேலை, மறுத்தா அடி. தட்டிக்கேக்க அனுபவமுள்ள சார்ஜென்ட் கிடையாது, அவனும் ஆறு மாசம் பயிற்சி முடிச்ச கட்டாய சேவைக்காரன்தான், ஆபீசருங்களோ ராத்திரி வீட்டுக்குப் போயிடுவாங்க.

டி72ரசிகன்: அதுக்காக சோப்ளாங்கி படைன்னு முடிவு பண்ணிடாதீங்க பாஸ். ஸ்கூல்லயே ஏகே துப்பாக்கிய பிரிச்சு மாட்ட கத்துக்கிட்டு வந்த பசங்க அவங்க. ஆபீசர் ஆகணும்னா நாலஞ்சு வருஷம் மிலிட்டரி காலேஜ். ஆனா ஸ்ட்ராய்பாட்னு கட்டுமான பட்டாலியன்ல மாட்டினவன் கதை வேற, ரஷ்ய மொழி சரியா வராத மத்திய ஆசியப் பசங்க நிறைய பேர் அங்கதான், துப்பாக்கிய விட மண்வெட்டிய அதிகம் பிடிச்சவங்க.

பழையரேடியோ: தாத்தா மேட்டர் தூக்கிவாரிப் போட்டுச்சு. சம்பளமாவது உண்டா?

கிழக்குக்காற்று: 70கள்ல மாசம் 4 ரூபிள்கூட தேறாது. காலைல குடுக்கற துண்டு வெண்ணெய்தான் சொகுசு, அதையும் தாத்தா பிடுங்கிக்குவான். சர்வீஸ் முடிஞ்சவங்கள வீட்டுக்கு அனுப்பற விடுவிப்பு ஆணைக்கு 100 நாள் இருக்கறப்போ மட்டும், பல யூனிட்ல, அந்தத் தாத்தாவே தன் வெண்ணெய புதுப்பையன் தட்டுல வச்சிடுவான், அதான் சம்பிரதாயம்.