மாயவரம் - தரங்கம்பாடி ரயில்ல போனவங்க இருக்கீங்களா?

மாயவரத்துலேர்ந்து தரங்கம்பாடிக்கு மீட்டர் கேஜ் ரயில் ஓடுச்சுன்னு இப்ப உள்ள பசங்ககிட்ட சொன்னா நம்பவே மாட்டேங்கறாங்க. 1926ல போட்ட லைன், சுமார் 30 கிலோமீட்டர், மன்னம்பந்தல் செம்பனார்கோயில் ஆக்கூர் திருக்கடையூர் தில்லையாடி பொறையார்னு ஊர் ஊரா நின்னு போகும். 1986ல வருமானம் இல்லன்னு நிறுத்திட்டாங்க. சமீபத்துல ஆக்கூர் பக்கம் போனப்ப ஸ்டேஷன் எங்க இருந்துச்சுன்னு விசாரிச்சேன், ஒரு பெரியவர் கூடவே நடந்து வந்து கருவேல முள்ள விலக்கி விலக்கி காமிச்சார், இங்கதான் சிக்னல் கம்பம், இங்கதான் டிக்கெட் குடுப்பாங்கன்னு நேத்து நடந்த மாதிரி சொல்றார், எனக்கு தொண்டை அடைச்சிடுச்சு. தண்டவாளத்த எப்பவோ பேத்துட்டாங்க. வயலுக்கு நடுவுல அந்த மேடு மட்டும் அங்கங்க இருக்கு. உங்களுக்கு ஞாபகம் இருக்கறத எழுதுங்க.

பதில்:
சார், நான் பொறையார்லேர்ந்து அந்த ரயில்லதான் மன்னம்பந்தல் ஏவிசி காலேஜ் போனேன். கரி இன்ஜின். ஜன்னல் ஓரம் உக்காந்தா வெள்ளை சட்டை காலேஜ் போறதுக்குள்ள புள்ளி புள்ளியா ஆயிடும், ஆனாலும் ஜன்னலுக்குத்தான் சண்டை. ஓடி வர்ற பசங்கள பாத்துட்டு கார்டு கொடிய கொஞ்சம் தாமதமா ஆட்டுவார், அந்த மனசு பஸ்ல வராது. மெதுவா போகும், உண்மைதான். பக்கத்துலயே ரோடு, பஸ் அதிகமாக அதிகமாக ஜனம் அந்தப் பக்கம் போயிடுச்சு. ஆனா டிக்கெட் காச மட்டும் பாத்து ஒரு லைன மூடறது தப்புன்னுதான் இன்னிக்கும் சொல்வேன்.

பதில்:
அண்ணே சொல்றது சரி. எங்கம்மாவுக்கு தரங்கம்பாடி, மீன் கூடையோட மாயவரம் போவாங்க, ரயில்ல ஒரு ஓரமா வச்சிட்டு நிம்மதியா உக்காந்துக்கலாம், பஸ்ல நாத்தம்னு இறக்கி விடுவாங்க. ரயில் நின்ன பிறகு அம்மா வெளியூர் வியாபாரத்தையே விட்டுட்டாங்க, வாசல்லயே கிடைச்ச விலைக்கு வித்தாங்க. இந்தக் கணக்கெல்லாம் எந்த ஃபைல்லயும் இருக்காது.

பதில் (முதல்ல எழுதினவர்):
தங்கச்சி, இத படிச்சு ரொம்ப நேரம் யோசிச்சேன். நீடாமங்கலம் மன்னார்குடி லைனும் செத்துப்போனதுன்னு விட்டதுதான், 2011ல திரும்ப ரயில் வந்துச்சு. பேரளம் காரைக்காலும் திரும்ப போட்டாச்சு. திருக்கடையூருக்கு அறுபதாம் கல்யாணத்துக்கு வர்ற கூட்டம் ஒண்ணே போதும் நம்ம லைனுக்கு, அதனால கேட்டுக்கிட்டே இருக்கணும். பழைய அட்டை டிக்கெட், ஸ்டேஷன் போட்டோ யார்கிட்டயாவது இருந்தா இங்க போடுங்க, மனு எழுதறப்ப சேத்துக்கலாம்.