அப்பா இறந்துவிட்டார், அம்மா முதியோர் இல்லத்தில்: சாட்ஸ்வொர்த் வீட்டை விற்க யார் கையெழுத்துப் போட வேண்டும்?

மூத்தமகள்:
எல்லோருக்கும் வணக்கம். தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கத்துச் சாட்ஸ்வொர்த் வீடு அப்பா, அம்மா இருவர் பெயரிலும் பாதிப்பாதியாக டைட்டில் டீடில் (வீட்டுப் பத்திரத்தில்) இருக்கிறது. பாண்ட் (வீட்டுக் கடன்) முழுக்கக் கட்டியாகிவிட்டது. அப்பா உயில் எழுதாமலே போய்விட்டார். அம்மாவுக்கு டிமென்ஷியா முற்றிவிட்டது. எதில் கையெழுத்துப் போடுகிறோம் என்றே தெரியாது. நன்றாக இருந்தபோது எனக்கு பவர் ஆஃப் அட்டர்னி எழுதித் தந்திருக்கிறார். அவர்கள் கல்யாணம் கோயிலில் நடந்தது, பதிவு செய்யவில்லை. பிள்ளைகள் மூவருக்கும் விற்கச் சம்மதம். ஒருவர் 900,000 ரேண்டுக்குக் கேட்கிறார், இந்த வாரமே ஆஃபரில் (விற்பனை ஒப்பந்தத்தில்) கையெழுத்து வேண்டுமாம். இல்லத்துக்கு மாதாமாதம் கட்ட வேண்டும், அதனால் எங்களுக்கும் அவசரம். போடலாமா?

பத்திரம்பார்ப்பவர்:
வேண்டாம் தங்கச்சி. இன்றைக்கு அந்த வீட்டை விற்கும் அதிகாரம் உங்கள் மூவரில் யாருக்கும் இல்லை. அப்பாவின் பாதியை, மாஸ்டர் ஆபீஸ் (இறந்தவர்களின் சொத்தைக் கண்காணிக்கும் உயர் நீதிமன்ற அலுவலகம்) நியமிக்கும் எக்ஸிகியூட்டர்தான், அதாவது அந்தச் சொத்தை நிர்வகிப்பவர்தான், விற்கலாம். நியமனக் கடிதம் வருமுன் பிள்ளைகள் போடும் கையெழுத்து செல்லாது. வாங்குபவர் நாளைக்குப் பின்வாங்கினாலும் நீங்கள் எதுவும் கேட்க முடியாது.

அம்மாவின் பவர் ஆஃப் அட்டர்னியும் இப்போது வெறும் காகிதம். எழுதிக் கொடுத்தவர் சுயபுத்தி இழந்ததும் அது தானாகவே முடிந்துவிடும் என்பதுதான் தென்னாப்பிரிக்கச் சட்டம். 'பிற்காலத்திலும் செல்லும்' என்று அதில் எழுதியிருந்தாலும் பயனில்லை. அதை வைத்து விற்றால், பத்திரம் மாறிய பிறகும் விற்பனையைக் கேள்வி கேட்க இடமிருக்கும்.

அப்பா பக்கத்து வேலையை உடனே தொடங்குங்கள். மரணத்தை 14 நாளுக்குள் மாஸ்டருக்குத் தெரிவிக்க வேண்டும். தாமதமாகியிருந்தாலும் இப்போதே போடுங்கள். ஜே294 மரண அறிவிப்பு, ஜே243 சொத்துப் பட்டியல், ஜே192 நெருங்கிய உறவினர் விவரம், ஜே190 பொறுப்பேற்புப் படிவம், இவற்றோடு இறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை நகல்கள். சொத்து 250,000 ரேண்டுக்குள் இருந்தால் சுருக்கமான அதிகாரக் கடிதம் போதும்; வீட்டில் அப்பா பங்கே 450,000 என்பதால் உங்களுக்கு முழு எக்ஸிகியூட்டர் நியமனம் தேவை. இறந்தவரின் பிள்ளை என்பதால் பொதுவாக ஜாமீன் கேட்கமாட்டார்கள். ஆனால் வழக்கறிஞர் ஒருவரின் துணை இருக்க வேண்டும் என்று மாஸ்டர் பெரும்பாலும் சொல்வார். கட்டணம் மொத்தச் சொத்தில் 3.5 சதவீதம் வரை, பேசிக் குறைக்கலாம். அப்பாவின் பாதிக்கு மட்டுமே கணக்கிடுகிறார்களா என்று பாருங்கள். முழு வீட்டுக்கும் போட்டிருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

நியமனம் வந்ததும் அரசிதழிலும் உள்ளூர்ப் பத்திரிகையிலும் கடன்காரர்களுக்கு விளம்பரம், 30 நாள் அவகாசம். வீட்டை வெளியாளுக்கு விற்பதால் வாரிசுகளின் எழுத்துபூர்வச் சம்மதமும், இறந்தவர் சொத்து நிர்வாகச் சட்டத்தின் 42(2) பிரிவின்கீழ் மாஸ்டரின் ஆட்சேபமின்மைச் சான்றும் வேண்டும். அந்தச் சான்று இல்லாமல் பீட்டர்மாரிட்ஸ்பர்க் டீட்ஸ் ஆபீஸ் (பத்திரப் பதிவு அலுவலகம்) பத்திரத்தை மாற்றாது. அது கிடைத்தால்தான் விற்பனை நடைமுறைக்கு வரும் என்று ஆஃபரிலேயே நிபந்தனை எழுதிவிடுங்கள்.

டர்பன்அக்கா:
கல்யாணம் பதியவில்லை என்பதால் அம்மாவின் உரிமை போய்விடாது. இந்து முறைக் கல்யாணமும், உயில் இல்லாத வாரிசுரிமைக்கு, மனைவி என்ற இடத்தைத் தரும் என்று 2008இல் டர்பன் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. கோயில் கடிதம், கல்யாணப் படம், தாலி கட்டியதைப் பார்த்த பெரியவர்களின் சத்தியக் கடிதம், எது கிடைக்கிறதோ எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுங்கள்.

கணக்கு இப்படி வரும். செலவை விட்டுவிட்டால் அப்பா பங்கு 450,000. மனைவிக்கும் மூன்று பிள்ளைகளுக்கும் சமமாகப் பிரித்தால் ஆளுக்கு 112,500. ஆனால் மனைவிக்கு ஒரு பிள்ளைப் பங்கு அல்லது 250,000, இதில் எது அதிகமோ அது சேரும். எனவே அம்மாவுக்கு 250,000. மீதி 200,000 உங்கள் மூவருக்கும், ஆளுக்கு 66,666. அம்மாவின் சொந்தப் பாதியையும் கூட்டினால் 700,000 அவருடையது. விற்ற பணத்தில் பெரும்பகுதி அம்மாவின் பராமரிப்புக்குரியது என்பதைப் பிள்ளைகள் மூவரும் இப்போதே பேசி முடிவு செய்யுங்கள். பின்னால் பேசினால் சண்டை வரும்.

அம்மா சார்பில் கையெழுத்துப் போட இரண்டு வழி. ஒன்று, உயர் நீதிமன்றத்தில் கியூரேட்டர் போனிஸ் (அம்மாவின் சொத்தைப் பார்த்துக்கொள்பவர்) நியமனம்: மருத்துவ அறிக்கைகள் வேண்டும், ஒன்று மனநல மருத்துவரிடமிருந்து இருப்பது நல்லது, முதலில் ஒரு கியூரேட்டர் ஆட் லிட்டம் (வழக்கில் அம்மாவின் நலனைப் பார்ப்பவர்) அம்மாவைப் பார்த்து அறிக்கை தருவார். செலவு அதிகம். மற்றது, 2002ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின்கீழ் மாஸ்டரிடமே அட்மினிஸ்ட்ரேட்டர் (சொத்து நிர்வாகி) நியமனம் கேட்பது, செலவு குறைவு. எந்த வழி என்றாலும் நியமனம் மட்டும் இருந்தால் போதாது. வீட்டை விற்பதற்கான அனுமதி, நீதிமன்ற உத்தரவாகவோ மாஸ்டரின் சம்மதமாகவோ, தனியாகத் தேவை. விண்ணப்பத்திலேயே அதையும் கேட்டுவிடாதவர்கள் மறுபடி வரிசையில் நிற்கிறார்கள். அப்பா வேலை முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், இரண்டும் ஒரே நேரத்தில் ஓடட்டும்.

அம்மா சாசா பென்ஷன் (அரசின் முதியோர் உதவித்தொகை) வாங்கினால், கைக்கு வரும் பணம் அதன் தகுதிக்கான சொத்துக் கணக்கில் சேரும். விற்பதற்கு முன்பே விசாரியுங்கள்.

வயரிங்அண்ணன்:
காத்திருக்கும் மாதங்களில் வீட்டைச் சரிபார்த்துவிடுங்கள். சாட்ஸ்வொர்த் வீடுகளில் அடிக்கடி விற்பனையைத் தடுப்பது, பிளான் இல்லாமல் பின்னால் கட்டிய அறையும் கார்போர்ட்டும்தான். வங்கி மதிப்பீட்டாளர் பிளானையும் கட்டடத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தால் வாங்குபவரின் பாண்ட் நின்றுவிடும். இத்தெக்வினி மாநகராட்சியில் அங்கீகரித்த பிளான் நகலை இப்போதே வாங்குங்கள்.

மின்சாரச் சான்று பத்திரம் மாறும் நாளில் 2 ஆண்டுக்கு மேல் பழையதாக இருக்கக்கூடாது. அதன்பின் வயரிங்கில் கை வைத்திருந்தால் அந்த மாற்றத்துக்கும் சான்று வேண்டும். எர்த் லீக்கேஜ் (கசிவு வந்தால் கரன்ட்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) சரியாக விழாமல் இருப்பதும், பின்கட்டுக்குத் தன்னிச்சையாக இழுத்த ஒயரும்தான் அதிகம் மாட்டுகிறவை. வண்டுச் சான்றை (மரத்தை அரிக்கும் வண்டு இல்லை என்ற சான்றை) சட்டம் கேட்பதில்லை, ஆனால் நம் கடலோரப் பகுதியில் ஒப்பந்தத்தில் எழுதுவார்கள். கூரை மரத்தைத் தட்டிப் பாருங்கள்.

ரேட்ஸ் கிளியரன்ஸ் (மாநகராட்சி பாக்கி இல்லை என்ற சான்று) 60 நாள்தான் செல்லும், அதை கன்வேயன்சர் (பத்திரம் மாற்றும் வழக்கறிஞர்) கடைசியில் எடுக்கட்டும். காலி வீடு என்றால் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுதித் தெரிவியுங்கள். ஆள் இல்லாத வீட்டுக்குத் திருட்டு இழப்பீடு மறுக்கும் பாலிசிகள் உண்டு.

மூத்தமகள்:
மிக்க நன்றி. வீடு காலி இல்லை அண்ணே. பின்னால் அறையில் ஒரு குடும்பம் வாடகைக்கு இருக்கிறது, எழுத்தில் எதுவும் இல்லை. வாங்குபவர் காலி செய்து கேட்கிறார்.

பத்திரம்பார்ப்பவர்:
எழுத்தில் இல்லாவிட்டாலும் அது வாடகை ஒப்பந்தம்தான். வீடு கைமாறினாலும் தொடரும். மாதாந்தர வாடகை என்றால் ஒரு முழு மாத நோட்டீஸ், எழுத்தில். போகமாட்டேன் என்றால் 1998ஆம் ஆண்டு வெளியேற்றத் தடைச் சட்டப்படி நீதிமன்ற உத்தரவு வேண்டும். பூட்டை மாற்றுவதும் கரன்ட்டை நிறுத்துவதும் குற்றம். அதனால் 'காலி வீடாகத் தருகிறோம்' என்று ஆஃபரில் எழுத விடாதீர்கள்; குடியிருப்பவர் இருப்பதை அதிலேயே குறிப்பிடுங்கள். அப்பா இறந்த நாளிலிருந்து வந்த வாடகையில் பாதி எஸ்டேட்டுக்கு (அப்பா விட்டுச்சென்ற சொத்துக்கு), பாதி அம்மாவுக்கு. யார் கையில் இருந்தாலும் கணக்கெழுதி, எக்ஸிகியூட்டர் எஸ்டேட் வங்கிக் கணக்கைத் திறந்ததும் எஸ்டேட்டின் பாதியை அதில் போட்டுவிடுங்கள்.