ஜெய்ப்பூர், டெல்லி பயணத்தில் பருத்தித் துணி வாங்க ஆலோசனை வேண்டும்

அனைவருக்கும் வணக்கம். வரும் ஜனவரியில் குடும்பத்துடன் டெல்லிக்கும் ஜெய்ப்பூருக்கும் செல்கிறோம். தங்கை மகளின் திருமணத்திற்காகப் பருத்திச் சேலைகளும் சுடிதார் துணிகளும் அங்கேயே வாங்கலாமா, அல்லது ஈரோட்டு வாரச் சந்தையிலும் திருப்பூர் காதர்பேட்டையிலும் வாங்குவதே சிக்கனமா என்று முடிவெடுக்க உங்கள் அனுபவம் தேவைப்படுகிறது.

சென்ற முறை ஜெய்ப்பூரில் ஒரு கடையில், சாங்கானேர் மரக்கட்டை அச்சு, அதாவது ஜெய்ப்பூரை அடுத்த சாங்கானேரில் செதுக்கிய மரக்கட்டைகளைக் கொண்டு கையால் அச்சிட்ட துணி, என்று சொன்னதை நம்பி, கேட்ட விலையில் பாதிக்குப் பேரம் பேசி ஆறு துணிகள் வாங்கினேன். வீட்டிற்கு வந்து விரித்துப் பார்த்தபோது, எல்லாப் பூக்களும் அணுவளவும் பிசகாமல் ஒன்றுபோல் இருந்ததாலும், பின்புறத்தில் சாயம் சிறிதும் ஊறியிருக்காததாலும், அது கையால் அச்சிட்டதல்ல என்று புரிந்தது. பணத்தைவிட, உண்மையான கைவினைஞருக்கு அது போய்ச் சேரவில்லையே என்பதுதான் இன்றும் மனத்தை உறுத்துகிறது. விலை குறைந்ததை மட்டுமே பார்த்து, துணியைத் திருப்பிப் பார்க்காதது என் தவறு.

ஆகவே, ஜெய்ப்பூர் நகரின் பாபு பஜார் கடைவீதியில் வாங்குவதற்கும், இந்த அச்சுத் தொழில் நடக்கும் சாங்கானேர், பக்ரு ஊர்களுக்கே நேரில் சென்று அச்சிடுவோரிடம் வாங்குவதற்கும் விலையில் எவ்வளவு வேறுபாடு இருக்கும் என்பதை அண்மையில் சென்றவர்கள் தெரிவிக்க வேண்டுகிறேன். டெல்லி சரோஜினி நகர் ஆடைச் சந்தைக்குத் திங்கட்கிழமை விடுமுறை என்பதால் செவ்வாயன்று அங்கு செல்கிறோம். குழந்தைகளின் ஆடைகளுக்கு அங்கே எந்த அளவுக்குப் பேரம் பேசலாம்?