1265 ஈவ்ஷம் போரில் பாதிரியார் வேடம்: என்ன உடுத்துவது, என்ன செய்வது?

முழங்கால்வலி:
பர்மிங்ஹாமில் ஒரு ரீஎனாக்ட்மென்ட் குழுவில் (பழைய போர்களை வேடம் போட்டு நடித்துக்காட்டும் குழு) இருக்கிறேன். ஆகஸ்ட்டில் ஈவ்ஷம் போரை நடிக்கிறோம், நாங்கள் இங்கிலாந்து மன்னரை எதிர்த்துக் கிளம்பிய பிரபு சிமோன் டி மான்ட்ஃபோர்ட் பக்கம். இதுவரை ஈட்டியோடு ஓடிப்போய்ச் சீக்கிரமே செத்து விழுகிற காலாளாக இருந்தேன். முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு ஓட முடியாது. "நீதானே கத்தோலிக்கன், பாதிரியாராக வா" என்று குழுத்தலைவர் சொல்லிவிட்டார்.

ஊரில் சின்ன வயதில் பீடச்சிறுவனாக இருந்திருக்கிறேன். அதை வைத்து 13ஆம் நூற்றாண்டை ஓட்ட முடியாது என்பது தெரியும். ஆன்லைனில் பழுப்பு அங்கியும் கயிறும் 'துறவி செட்' என்று விற்கிறார்கள். அது போதுமா? போருக்கு முன் பூசை வைப்பதாக நடிக்கலாமா? இன்னொன்று, பாதிரியார்கள் ரத்தம் சிந்தக் கூடாது என்பதால் வாளை விட்டுவிட்டு கதாயுதம் ஏந்தினார்கள் என்று ஒருவர் சொன்னார். எனக்குக் கதாயுதம் கிடைக்குமா?

மைக்கூடு:
தம்பி, அந்தப் பழுப்பு அங்கியை வாங்காதீர்கள். சினிமாவில் பீப்பாய்க்குப் பக்கத்தில் சிரித்துக்கொண்டு நிற்கும் குண்டுத் துறவி உடுத்துவது அது. 1265இல் அதைப் பார்த்து யாரும் உங்களை இன்ன சபை என்று சொல்லியிருக்க மாட்டார்கள். அன்றைக்கு நிறம்தான் அடையாள அட்டை. ஈவ்ஷம் மடம் பெனடிக்டின் மடம், அங்கே கறுப்பு. சிஸ்டர்சியர்களுக்குச் சாயம் போடாத வெள்ளைக் கம்பளி. தொமினிக்கன்களுக்கு வெள்ளை அங்கியும் மேலே கறுப்புப் போர்வையும். பிரான்சிஸ்கன்கள் உடுத்தியது சாம்பல். பழுப்பு அவர்களிடம் வந்தது ரொம்பப் பின்னால். இங்கிலாந்தில் அவர்களைச் சாம்பல் சகோதரர்கள் என்றுதான் மக்கள் கூப்பிட்டார்கள். கார்மேல் சபைக்காரர்கள் 1287 வரை கோடு போட்ட மேலங்கிதான் போட்டார்கள், அதை நடித்தால் பார்வையாளர்கள் உங்களைக் கோமாளி என்று நினைத்துவிடுவார்கள்.

அடுத்து, யார் எங்கே இருப்பார் என்று பாருங்கள். கறுப்பு அங்கித் துறவிக்கு இடம் மடத்துக்குள்ளே. போர் முடிந்த பிறகு, வெட்டிச் சிதைக்கப்பட்ட சிமோனின் உடலில் மிஞ்சியதை எடுத்துக் கோயிலில் பெரிய பீடத்துக்கு முன் அடக்கம் செய்தது அந்தத் துறவிகள்தான். அது பெரிய காட்சி, ஆனால் உங்கள் குழு கூடாரத்தில் இருக்கிறது. கூடாரங்களுக்கு நடுவே சுற்ற வேண்டும் என்றால் இரண்டு வழி. ஒன்று, ஊர் ஊராகப் போய்ப் பிரசங்கம் செய்யும் சகோதரர்: தொமினிக்கன்கள் 1221இலும் பிரான்சிஸ்கன்கள் 1224இலும் இங்கிலாந்துக்கு வந்துவிட்டார்கள், 1265இல் அவர்களைப் பார்க்காத நகரம் அபூர்வம். இன்னொன்று, பிரபுவின் வீட்டுக் குமாஸ்தாவாக வேலை பார்த்த குரு. என் ஓட்டு இரண்டாவதுக்கு.

காரணம் சொல்கிறேன். சிமோனின் மனைவி எலினார், மன்னர் மூன்றாம் ஹென்றியின் தங்கை. 1265 பிப்ரவரி முதல் ஆகஸ்ட் வரைக்கும் அவர் வீட்டுக் கணக்குச் சுருள் இன்றும் இருக்கிறது. தினமும் எவ்வளவு ரொட்டி, ஒயின், பீர், இறைச்சி அல்லது மீன், குதிரைகளுக்கு எவ்வளவு புல், ஓட்ஸ், யார் யார் விருந்துக்கு வந்தார்கள், எல்லாம் லத்தீனில். ஓடிஹாம் கோட்டையிலிருந்து ஜூனில் டோவருக்குப் பயணம் போனதுகூட அந்தக் கணக்கில் தெரிகிறது. கணவனும் மூத்த மகனும் ஈவ்ஷமில் சாகிற வாரத்திலும் ஒரு குமாஸ்தா உட்கார்ந்து குதிரைத் தீனிக்குக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தான்! அதை எழுதியவன் திருச்சபை ஆள். உச்சந்தலை மழித்தவன், ஆனால் பூசை வைக்கும் அளவுக்குக் குருப்பட்டம் பெற்றிருக்க வேண்டியதில்லை. அன்று குருப்பட்டம் வரைக்கும் ஏழு படிகள் இருந்தன. கீழ்ப்படிகளில் இருந்தவர்கள் கல்யாணமும் செய்துகொள்ளலாம்.

ஆகவே ஒரு மேசை, இறகுப் பேனா, மை, தோல் சுருள், மெழுகுப் பலகை. ரோமன் எண்ணில்தான் எழுத வேண்டும். கூட்டல் கழித்தலுக்குக் கட்டம் போட்ட துணியும் காய்களும். 12 பென்னி ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு. பார்க்க வரும் பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காய் நகர்த்தச் சொல்லுங்கள், கூட்டம் தானாகச் சேரும். முழங்காலுக்கும் நல்லது.

உடைக்கு 1215 நான்காம் லாத்தரன் சங்கம் (ரோமில் கூடிய திருச்சபைப் பொதுச்சங்கம்) குருக்களுக்குச் சொன்னதே போதும். சிவப்பு, பச்சைத் துணி கூடாது, கூர்மூக்குச் செருப்பு கூடாது, மேலாடை முன்புறம் மூடியிருக்க வேண்டும், ரொம்ப நீளமாகவும் ரொம்பக் குட்டையாகவும் இருக்கக் கூடாது. சாராயக்கடைக்குப் போகாதே, சூதாடாதே என்றும் அதே விதியில் இருக்கிறது. (தடை போட வேண்டியிருந்தது என்றால் நடந்தது என்றுதானே அர்த்தம்.) கறுத்த நீலம் அல்லது கறுஞ்சாம்பல் கம்பளி தையுங்கள். கழுத்தில் வெள்ளைக் காலர் வேண்டவே வேண்டாம், அது 19ஆம் நூற்றாண்டு.

செபமாலை:
பூசை வைப்பதாக நடிக்க வேண்டாம், தம்பி. குருப்பட்டம் இல்லாதவர் திருப்பலி நிறைவேற்ற முயல்வது இன்றைய திருச்சபைச் சட்டத்தில் தண்டனைக்குரிய குற்றம். நடிப்புக்கு அது பொருந்துமா என்று நாலு பேர் வாதாடலாம். ஆனால் கூட்டத்தில் நிற்கிற விசுவாசிக்கு மனது புண்படும், எனக்குப் புண்படும். பூசையில் அப்பத்தை உயர்த்திக் காட்டும் எழுந்தேற்றக் காட்சி வந்தால் நான் எழுந்து போய்விடுவேன்.

அதைத் தொடாமலே எவ்வளவோ செய்யலாம். வூஸ்டர் ஆயர் வால்டர் டி கான்டிலூப் ஈவ்ஷமில் சிமோன் படையோடு இருந்தார், போருக்கு முன் அவர்களுக்குப் பாவமன்னிப்பு வழங்கினார். வீரர்கள் முழந்தாளிடட்டும், ஆயர் கையை உயர்த்தட்டும், அவ்வளவு போதும். பாவமன்னிப்பு வாசகத்தைச் சொல்லத் தேவையில்லை. பாவசங்கீர்த்தனத் தொட்டி (பாவ அறிக்கை கேட்கக் குரு உட்காரும் மரக்கூண்டு) மட்டும் கொண்டுவந்துவிடாதீர்கள். அது 16ஆம் நூற்றாண்டில் மிலானில் புனித சார்லஸ் பொரோமியோ பரப்பியது. அன்று கோயிலில் எல்லோர் கண்ணிலும் படுகிற இடத்தில், குருவின் பக்கத்தில் வந்து மண்டியிட்டுச் சொன்னார்கள்.

மக்களுக்குச் செபம் சொல்லிக்கொடுப்பது போலச் செய்தால் இன்னும் அழகு. பரலோக மந்திரம், விசுவாசப் பிரமாணம், மாதாவை நோக்கிச் சொல்லும் மங்கள வார்த்தை. கவனம், மங்கள வார்த்தையில் முதல் பாதி மட்டும். 'பாவிகளாயிருக்கிற எங்களுக்காக' என்று நாம் பழக்கதோஷத்தில் தொடர்ந்துவிடுவோம். இன்றைய வடிவில் அந்தப் பின்பாதி 1568இல்தான் ரோமைச் செபநூலில் இடம்பிடித்தது.

முழங்கால்வலி:
நன்றி அக்கா, பூசையை விட்டுவிட்டேன். அண்ணா, குமாஸ்தா யோசனை தலைவருக்கும் பிடித்திருக்கிறது. ஆனால் கதாயுதத்தைப் பற்றி நீங்கள் ஒன்றுமே சொல்லவில்லையே? அப்புறம் தலையை மழிக்க வேண்டுமா? திங்கட்கிழமை ஆபீஸ் இருக்கிறது.

மைக்கூடு:
கதாயுதக் கதை இரண்டு சான்றுகளை வைத்துப் பின்னியது. பேயோ திரைச்சீலையில் (11ஆம் நூற்றாண்டுப் போர்ச் சித்திரத் துணி) ஆயர் ஓடோ ஒரு தடியோடு குதிரையில் இருக்கிறார். 1214இல் பூவின் (Bouvines) என்ற இடத்தில் நடந்த போரில் போவே (Beauvais) நகர ஆயர் தடியால் எதிரியை அடித்து வீழ்த்தினார் என்று எழுதியிருக்கிறார்கள். இதிலிருந்து எல்லாப் பாதிரியாருக்கும் ஒரு விதியைக் கட்டிவிட்டார்கள். திருச்சபைச் சட்டம் குருக்கள் ஆயுதம் ஏந்தவே கூடாது என்றது. தடியால் மண்டையை உடைத்தாலும் ரத்தம் வரத்தானே செய்யும்? லாத்தரன் சங்கம் இன்னும் கடுமை: மரண தண்டனைத் தீர்ப்பைக் குமாஸ்தா எழுதக்கூட விடவில்லை. அதனால் உங்களுக்குக் கதாயுதம் கிடையாது. பேனாக் கத்தி உண்டு.

தலைக்கு, தாடைக்குக் கீழே நாடா கட்டுகிற வெள்ளைத் துணித் தொப்பி இருக்கிறதே, அதைப் போட்டுக்கொள்ளுங்கள். குருக்கள் அதைப் போடுவது மேலிடத்துக்குப் பிடிக்காது, ஆனால் போட்டார்கள். அதே காலத்தில் வில்லியம் டி பஸ்ஸி என்ற அதிகாரி விசாரணையில் மாட்டிக்கொண்டு, நான் திருச்சபை ஆள், என்னை நீங்கள் விசாரிக்க முடியாது என்று மழித்த உச்சந்தலையைக் காட்ட அந்தத் தொப்பியின் நாடாவை அவிழ்க்கப் பார்த்தான். அவிழ்க்க விடவில்லை என்று அன்றைய வரலாற்றாசிரியத் துறவி மேத்யூ பாரிஸ் எழுதிவைத்திருக்கிறார். யாராவது உங்கள் தலையைப் பற்றிக் கேட்டால் இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

முழங்கால்வலி:
கடைசி சந்தேகம். நான் கண்ணாடி போடுபவன். வட்டச் சட்டம் வாங்கினால் சமாளிக்கலாமா?

மைக்கூடு:
முடியாது. கண்ணாடி இத்தாலியில் வந்ததே 1280களில். கான்டாக்ட் லென்ஸ் போடுங்கள், இல்லையென்றால் எழுத்தைப் பெரிதாக எழுதுங்கள்.