கிரானைட் வேலையை விட்டுவிட்டு சிஎன்சி கற்றுக்கொள்ளலாமா? கடனும் இருக்கிறது, மூச்சும் வாங்குகிறது

காவேரிப்பட்டணத்தான்

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். எனக்கு 36 வயது, பத்தாவது பாஸ். கிருஷ்ணகிரி பக்கம் ஒரு கிரானைட் யூனிட்டில் பாலிஷ் வேலை, பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. சம்பளம் பிடித்தம் போக 18,000 ரூபாய் பக்கம் வரும். வீட்டில் மனைவி, ஒன்பதாவது படிக்கிற பையன், ஐந்தாவது படிக்கிற பொண்ணு, அப்புறம் என் அம்மா. அம்மாவுக்கு சுகரும் பிரஷரும் இருக்கிறது, மாத்திரைக்கே மாதம் 1,500-க்கு மேல் மெடிக்கலில் போகிறது.

அப்பா கடைசி காலத்தில் சேலத்தில் ஆஸ்பத்திரியில் இருந்தபோது வாங்கிய கடன்தான் எல்லாம். ஃபைனான்ஸ் கம்பெனி பர்சனல் லோன் ஒன்று, மாதம் 6,800 தவணை, இன்னும் ரெண்டு லட்சத்துக்கு மேல் பாக்கி. மனைவி பேரில் குழு லோன், வாராவாரம் 850. இது போக ஊரில் ஒருத்தரிடம் 5 வட்டிக்கு 80,000. அதற்கு மாதம் 4,000 வட்டி மட்டும் கட்டிக்கொண்டு வருகிறேன், அசலில் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. மனைவி வீட்டிலேயே புளி தட்டி, கொட்டை எடுத்துக் கொடுத்து கொஞ்சம் சம்பாதிக்கிறாள், அதுதான் மளிகைக்கு.

இப்போது சில மாதமாக வறட்டு இருமல். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. பக்கத்து கிளினிக்கில் காட்டினேன், தூசி இல்லாத வேலைக்குப் போய்விடுங்கள் என்று மட்டும் சொல்லி சிரப் எழுதிக் கொடுத்தார். ஓசூரில் ஒரு தனியார் இன்ஸ்டிடியூட்டில் மூன்று மாத சிஎன்சி (கம்ப்யூட்டர் புரோகிராமில் உலோகம் கடைகிற மெஷின்) கோர்ஸ், 45,000 ஃபீஸ், வேலை நிச்சயம் என்கிறார்கள். ஃபீஸுக்கு அவர்களே லோனும் ஏற்பாடு செய்து தருவார்களாம். வேலையை விட்டுவிட்டு சேரலாமா, இல்லை கடன் அடையும் வரை பல்லைக் கடித்துக்கொண்டு இதிலேயே இருப்பதா? ஓசூரில் மெஷின் ஷாப்பில் இருக்கிறவர்கள் உள்ளதைச் சொல்லுங்கள்.

ஓசூர் செட்டர்

அண்ணா, 45,000 கட்டி சேராதீர்கள். அதுவும் அவர்கள் காட்டுகிற லோனில் வேண்டவே வேண்டாம். மூன்று மாதம் சம்பளம் இல்லாமல் இருந்து, ஏற்கெனவே உள்ள தவணைக்கு மேல் இன்னொன்றைச் சுமந்து, கடைசியில் உங்களுக்குக் கிடைக்கப்போவது காண்ட்ராக்ட் ஆபரேட்டர் வேலைதான். அந்த வேலைக்கு கோர்ஸே தேவையில்லை. எங்கள் ஷாப்பில் ட்ரெய்னியாக எடுப்பவர்களில் பாதிப் பேர் மெஷினைத் தொட்டுப் பார்க்காதவர்கள்தான். ஜாப்பை, அதாவது கடைய வேண்டிய இரும்புத் துண்டை, சக்கில் (மெஷினின் பிடிப்பானில்) மாட்டு, கதவை மூடு, ஸ்டார்ட் பட்டனை அழுத்து, வெளியே வந்ததும் அளந்து பார்த்து ட்ரேயில் வை. அவ்வளவுதான் ஆபரேட்டர் வேலை, ஒரு வாரத்தில் கை பழகிவிடும்.

பணம் மெஷினை வேலைக்குத் தயார் செய்கிற செட்டரிடம்தான் இருக்கிறது. டூல் மாற்றினால் ஆஃப்செட் (டூல் அளவுக்கான திருத்தம்) கொடுப்பது, முதல் பீஸ் எடுத்து டிராயிங்கோடு ஒப்பிடுவது, 20 மைக்ரான் (0.02 மில்லிமீட்டர்) கூட வந்தால் எங்கே திருத்துவது என்று தெரிவது, புரோகிராமில் நாலு வரி மாற்றுவது. இதை இன்ஸ்டிடியூட்டில் கம்ப்யூட்டர் திரையில் காட்டுவார்கள், ஆனால் தேய்ந்த இன்சர்ட் (டூல் நுனியில் மாட்டுகிற வெட்டும் துண்டு) போடுகிற சத்தம் எப்படி இருக்கும் என்பது மெஷின் பக்கத்தில் நின்றால்தான் புரியும். அதனால் வெளி ஆர்டருக்கு பீஸ் செய்து கொடுக்கிற சின்ன ஜாப் வொர்க் ஷாப்பாகப் பார்த்து ட்ரெய்னியாகச் சேருங்கள். பெரிய கம்பெனியில் ஒரே பீஸை வருஷம் முழுக்க ஓட்ட வேண்டும், சின்ன ஷாப்பில் வாரத்துக்கு ஒரு புது ஜாப் வரும், செட்டிங் செய்ய விடுவார்கள்.

சம்பளம் முதலில் உங்களுக்கு இப்போது வருவதைவிடக் குறைவாகத்தான் இருக்கும், ஒளிக்காமல் சொல்கிறேன். எங்கள் ஷாப்பில் புதுசாக வருபவருக்கு 14,000 பக்கம், ஓவர்டைம் தனி. செட்டராக நிமிர்ந்து நிற்க ஒன்றரை ரெண்டு வருஷம் ஆகிவிடும். இன்னொன்று, காவேரிப்பட்டணத்தில் இருந்து தினமும் ஓசூர் என்றால் காலை 6 மணி ஷிஃப்டுக்கு நாலு மணிக்கெல்லாம் எழுந்து நிற்க வேண்டும். கிருஷ்ணகிரிக்கு ரயிலும் கிடையாது, எல்லாம் பஸ்தான். முதலில் பர்கூர், போச்சம்பள்ளி பக்கம் தேடிப் பாருங்கள்.

மூச்சு விஷயத்திலும் ஒன்று. மெஷின் ஷாப் என்றால் தூசியே கிடையாது என்று நினைத்துவிடாதீர்கள். கிரைண்டிங் செக்ஷனில் தூசி உண்டு, சிஎன்சி கதவைத் திறக்கும்போது கூலன்ட் ஆவி முகத்தில் அடிக்கும். இருமல் இருக்கிறவர்களுக்கு அது ஆகாது. ஆவியை முழுதாகத் தவிர்க்க முடியாது, கிரைண்டிங்கையாவது தவிர்த்து டர்னிங் (கடைசல்) அல்லது விஎம்சி (மில்லிங்) மெஷினில் போடச் சொல்லி சேரும்போதே கேளுங்கள்.

பத்து மணி டீ

மற்றதெல்லாம் அப்புறம், முதலில் நெஞ்சைப் பாருங்கள். நான் டாக்டர் இல்லை, எங்கள் மாமா குவாரியில் இருந்தவர், அதனால் தெரியும். கல்லை அறுக்கும்போதும் தேய்க்கும்போதும் வருகிற சிலிகா தூசி நுரையீரலில் போய்த் தழும்பாகிவிடும், அது திரும்ப ஆறாது. தூசியை விட்டு விலகினால் மேற்கொண்டு சேர்வது நிற்கும், ஏற்கெனவே ஆன தழும்பு போகாது. சிலிகா பாதித்த நுரையீரலில் டிபி வருவதும் அதிகம். கர்ச்சீப் கட்டிக்கொள்வதால் பெரிய தூசிதான் தடுபடும், கெடுக்கிற தூசி கண்ணுக்கே தெரியாத அளவு சின்னது. அங்கே இருக்கிற வரைக்கும் என்95 மாஸ்க்காவது போடுங்கள், தண்ணீர் விடாமல் டிரை பாலிஷ் செய்யாதீர்கள்.

கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய் மார்பு எக்ஸ்ரே, சளிப் பரிசோதனை, ஊதிப் பார்க்கிற டெஸ்ட் மூன்றும் கேளுங்கள். கிரானைட்டில் இத்தனை வருஷம் என்று நீங்களாக வாயைத் திறந்து சொல்லி, ஓபி சீட்டில் எழுதச் சொல்லுங்கள். அந்த ஒரு வரி ரொம்ப முக்கியம்.

பிடித்தம் போக என்று எழுதியிருக்கிறீர்கள், என்ன பிடிக்கிறார்கள்? சம்பளச் சீட்டில் ஈஎஸ்ஐ (தொழிலாளர் காப்பீடு) என்று ஒரு வரி இருக்கிறதா பாருங்கள். 21,000 வரை சம்பளம் வாங்குகிறவர்களுக்கு 0.75% பிடிப்பார்கள், முதலாளி 3.25% போட வேண்டும். இருந்தால் உங்களுக்கு மட்டும் இல்லை, குடும்பத்துக்கும் வைத்தியம் உண்டு, அம்மா உங்களை நம்பித்தான் இருக்கிறார் என்றால் அவரையும் சேர்க்கலாம். டாக்டர் ஓய்வு எழுதினால் வருஷத்துக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70% கிடைக்கும், அதற்கு முந்தைய ஆறு மாதக் கணக்கில் 78 நாளாவது சந்தா கட்டியிருக்க வேண்டும். சிலிகோசிஸ் (சிலிகா தூசியால் வருகிற நுரையீரல் நோய்) என்று உறுதியானால் அது தொழில்சார் நோய்ப் பட்டியலில் இருக்கிறது, இழப்பீடு கேட்கிற உரிமையும் உண்டு. ஆகவே ராஜினாமாவை எழுதிக் கொடுத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போகாதீர்கள், ஆஸ்பத்திரிக்குப் போய் கையில் பேப்பர் வாங்கிக்கொண்டு அப்புறம் விடுங்கள்.

கணக்குப்பிள்ளை

5 வட்டி என்றால் வருஷத்துக்கு 60%. இதை வைத்துக்கொண்டு வேறு எதைப் பற்றிப் பேசினாலும் வீண். வீட்டில் நகை எதுவும் இருக்கிறதா? இருந்தால் வங்கியிலோ தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கத்திலோ வைத்து இந்த 80,000-ஐ முதலில் முடியுங்கள். வருஷத்துக்கு 10% என்றே வைத்துக்கொள்வோம். இப்போது வட்டிக்கு மட்டும் கொடுக்கிற அதே 4,000-ஐ மாதாமாதம் நகைக்கடனில் கட்டினால் 22 மாதத்தில் அசலும் வட்டியும் முடிந்து நகை கைக்கு வந்துவிடும். இப்படியே விட்டால் அதே 22 மாதத்தில் 88,000 கட்டியிருப்பீர்கள், 80,000 அப்படியே நிற்கும். மாதாமாதம் கட்டினால் எடுத்துக்கொள்வார்களா என்று மட்டும் வைக்கும்போதே கேளுங்கள், சில இடத்தில் வருஷ முடிவில் மொத்தமாகத்தான் வாங்குவார்கள். பணம் திருப்பிக் கொடுக்கும்போது புரோ நோட்டை கையோடு வாங்கிக் கிழித்துவிடுங்கள், நாளைக்குத் தருகிறேன் என்றால் பணத்தையும் நாளைக்கே கொடுங்கள். தகராறு செய்தால் கந்து வட்டிக்கு 2003-லேயே தனிச் சட்டம் இருக்கிறது, மூன்று வருஷம் வரை ஜெயில்.

பாலக்கோடு அக்கா

தம்பி, எல்லாம் எழுதியிருக்கிறாய், உன் வீட்டுக்காரி என்ன சொல்கிறாள் என்று ஒரு வரி எழுதவில்லையே. லோன் அவள் பேரில், புளி தட்டுவது அவள், நகை அவளுடையது. அவளை உட்கார வைத்துப் பேசினாயா?

குழு லோன் என்கிறாய், எந்தக் குழு? வாராவாரம் வந்து வசூலிக்கிறார்கள் என்றால் அது மைக்ரோ ஃபைனான்ஸ், மகளிர் சுய உதவிக் குழு வேறு. சுய உதவிக் குழு நம் தர்மபுரியில்தான் 1989-ல் தமிழ்நாட்டிலேயே முதலில் தொடங்கினது, கிருஷ்ணகிரி அப்போது நம்ம ஜில்லாதான். வங்கிக் கடன் குழுவுக்கு 3 லட்சம் வரை 7% வட்டிதான். ஆளுக்கு இல்லை, மொத்தக் குழுவுக்கு, அதையும் சொல்லிவிடுகிறேன். அவளை ஊராட்சியில் விசாரித்து ஒரு குழுவில் சேரச் சொல். உடனே கடன் கிடைக்காது, சேமிப்பும் கூட்டமும் ஆறு மாதமாவது ஒழுங்காக நடந்திருக்க வேண்டும். மைக்ரோ ஃபைனான்ஸை முன்கூட்டி முடித்தால் அபராதம் போடக்கூடாது, அது ரிசர்வ் வங்கி விதி. வசூலுக்கு வருகிறவனும் காலை 9-க்கு முன்னாடி, சாயங்காலம் 6-க்குப் பின்னாடி வீட்டு வாசலுக்கு வரக்கூடாது.

அம்மா மாத்திரைக்கு எதற்கு 1,500 கொடுக்கிறாய்? மக்களைத் தேடி மருத்துவம் உங்கள் ஜில்லாவில், சாமனப்பள்ளியில்தானே 2021-ல் தொடங்கினார்கள். சுகர், பிரஷர் மாத்திரை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுப்பார்கள். துணை சுகாதார நிலையத்தில் பேரைப் பதிவு செய்.

ஐடிஐ ஃபிட்டர்

செட்டர் சொல்வதில் ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன். சர்டிஃபிகேட் இல்லாமல் உள்ளே போனால் காண்ட்ராக்டிலேயே காலம் போய்விடும், பெர்மனன்ட் ஆள் எடுக்கும்போது முதலில் கேட்பது ஐடிஐ பேப்பரைத்தான். அரசு ஐடிஐயில் ஆண்களுக்கு 40 வயது வரை சேரலாம், ஃபீஸ் கிடையாது, மாதம் 750 உதவித்தொகை. இப்போது சிஎன்சி, ரோபோட்டிக்ஸ் எல்லாம் புது மெஷினோடு வந்திருக்கிறது. 36 வயதில் ஒன்று ரெண்டு வருஷம் என்பது பெரிய காலமா?

ஓசூர் செட்டர்

பெரிய காலம் இல்லை சார், ஆனால் அந்த ஒன்று ரெண்டு வருஷம் 6,800 தவணையை யார் கட்டுவது? 20 வயதுப் பையனுக்கு நீங்கள் சொல்வது நூற்றுக்கு நூறு சரி. இவருக்கு வாராவாரம் வாசலில் ஆள் நிற்கிறது.

ஐடிஐ ஃபிட்டர்

அதுவும் நியாயம்தான். அப்படியானால் ஒன்பதாவது படிக்கிற பையனை அடுத்த வருஷம் பத்தாவது முடித்ததும் ஐடிஐ பற்றி யோசிக்கச் சொல்லுங்கள், விருப்பம் இருந்தால்.

காவேரிப்பட்டணத்தான்

எல்லோருக்கும் நன்றி. சீட்டைப் பார்த்தேன், ஈஎஸ்ஐ பிடிக்கிறார்கள், இத்தனை நாள் கார்டே வாங்காமல் இருந்திருக்கிறேன். திங்கட்கிழமை லீவு சொல்லிவிட்டு எக்ஸ்ரேவுக்குப் போகிறேன்.

அக்கா கேட்டபடி நேற்று ராத்திரி வீட்டில் பேசினேன். நான் பயந்த மாதிரி இல்லை. மூன்று பவுன் செயின் ஒன்று இருக்கிறது, அவள் அம்மா போட்டது, அதனால்தான் நான் வாயே திறக்காமல் இருந்தேன். வைக்கலாம், ஆனால் கூட்டுறவுச் சங்கத்தில்தான் வைக்க வேண்டும், ரசீது அவள் பேரில், மாதம் 4,000 அவள் கையில் கொடுத்துவிட வேண்டும், அவளே போய்க் கட்டுவாள். இதுதான் அவள் போட்ட கண்டிஷன். மாம்பழ சீசனில் கூழ் ஃபேக்டரிக்குப் போகிறேன் என்கிறாள், பொண்ணைப் பார்த்துக்கொள்ள அம்மா இருக்கிறார். இன்ஸ்டிடியூட்காரன் தினமும் போன் செய்கிறான், இனி எடுப்பதாக இல்லை.

போச்சம்பள்ளி பக்கம் ஒரு ஜாப் வொர்க் ஷாப்பில் ஆள் கேட்டிருக்கிறார்கள், பகல் ஷிஃப்ட் மட்டும், 13,500. இப்போது வாங்குவதில் 4,500 குறைகிறது. மாத்திரைக் காசு மிச்சம், பையனுடைய டியூஷனை நிறுத்தி நானே உட்கார்ந்து கணக்கு சொல்லிக்கொடுப்பது என்று போட்டுப் பார்த்தாலும் 2,000 பக்கம் இடிக்கிறது. சேரும் முன்பு வெர்னியர் (நுண்ணிய அளவு பார்க்கிற கருவி) பார்க்கத் தெரியுமா என்று கேட்டார்கள். பள்ளிக்கூடத்தில் பார்த்தது.

கணக்குப்பிள்ளை

அந்த 2,000-க்கு கைமாற்று வாங்காதீர்கள். ஃபைனான்ஸ் கம்பெனியில் மெடிக்கல் ரிப்போர்ட்டோடு நேரில் போய், தவணைக் காலத்தை நீட்டி மாதத் தொகையைக் குறைக்க முடியுமா என்று எழுத்தில் கேளுங்கள், பதிலும் எழுத்தில் வாங்குங்கள். மொத்த வட்டி கூடத்தான் செய்யும், தெரிந்தே செய்யுங்கள். ஒரு தொகைக்கு செட்டில்மென்ட் போட்டுக்கொள்ளலாம் என்று அவர்களாக ஆசை காட்டினால் அவசரப்படாதீர்கள், சிபில் ரிப்போர்ட்டில் (கடன் வரலாற்று அறிக்கையில்) செட்டில்டு என்று விழும், பிறகு வங்கியில் கடன் கேட்கும்போது அது முன்னால் வந்து நிற்கும்.

ஓசூர் செட்டர்

13,500 பகல் ஷிஃப்ட், வீட்டுக்குப் பக்கம், விடாதீர்கள் அண்ணா. எக்ஸ்ரே ரிப்போர்ட் வந்த பிறகு சேரும் தேதியை அவர்களிடம் சொல்லுங்கள், அதுவரை காத்திருக்கச் சொல்லுங்கள். வெர்னியர் பழகுவது ஒரு சாயங்கால வேலை, பிரதான அளவில் எத்தனை மில்லிமீட்டர் என்று முதலில் படிக்க வேண்டும், அப்புறம் கீழே எத்தனையாவது கோடு மேல் கோட்டோடு நேராக நிற்கிறதோ அந்த எண்ணிக்கையை 0.02-ஆல் பெருக்கிக் கூட்ட வேண்டும், சாதாரணமாக ஷாப்பில் இருக்கிற வெர்னியரில் அதுதான் கணக்கு. மைக்ரோமீட்டருக்கு என்னிடம் ஒரு பழசு இருக்கிறது, ராட்செட் கொஞ்சம் இறுக்கம், பழக அது போதும். ஞாயிற்றுக்கிழமை கிருஷ்ணகிரி வருகிறேன், பஸ் ஸ்டாண்டில் வாங்கிக்கொள்ளுங்கள்.