கிடாரம் களவு போகவில்லை, நான்கு லட்சம் சேர்க்க வேண்டாம்

அன்பான ஊரவர்களுக்கு வணக்கம்.

பூவரசடி வீட்டு மூத்தவள் எழுதுகிறேன். கலியாண வேலையாக ஊருக்குப் போய் நேற்றுத்தான் ரொறன்ரோ திரும்பினேன். ஆவணியில் நாள் வைத்திருக்கிறது. எல்லோரும் வர வேண்டும், தனித்தனியாகவும் சொல்லுவேன்.

இப்போது எழுதுவது கிடாரத்தைப் பற்றி. ஊர்ச் சங்கத்தின் பெரிய சோற்றுக் கிடாரத்தை வாசிகசாலையில் களவெடுத்துவிட்டார்கள், புதுச் சமையல் சாமான் வாங்க நான்கு லட்சம் ரூபாய் வேண்டும் என்று பொருளாளர் அண்ணை போன மாதம் இந்தக் குழுவில் எழுதியிருந்தார். அதற்குக் கீழே ஒருவர், "யார் எடுத்தது என்று ஊருக்கே தெரியும், பழைய இரும்புக்காரனுக்கு நிறுத்து விற்றவன்" என்று எழுதினார். பெயர் போடாமலே எல்லோருக்கும் விளங்கியது. எனக்கு அதுதான் பொறுக்கவில்லை.

என் கலியாணச் சோறு அந்தக் கிடாரத்தில்தான் வேக வேண்டும் என்று அம்மாவுக்கு ஆசை. அதனால் பந்தல்காரரையும் ஐயரையும் பார்க்கப் போன இடைவெளியில் இதையும் தேடினேன்.

முதலில் வாசிகசாலை அறை. இரண்டு அண்டா, அகப்பைகள், பாய்க்கட்டு எல்லாம் அப்படியே இருக்கின்றன. தனியாளாகத் தூக்கக்கூடிய அண்டாவை விட்டுவிட்டு, இரண்டு பேர் தடி போட்டுத் தூக்க வேண்டிய கிடாரத்தைக் கள்ளன் கொண்டு போவானா? அப்புறம்தான் யோசித்தேன், அந்த அறையே மீள்குடியேறிய பிறகு கட்டியது. அங்கே கிடாரத்தைக் கண்ணால் கண்டவர் யார் என்று ஒவ்வொருவராகக் கேட்டேன். எல்லோருக்கும் இன்னொருவர் சொன்னதாகத்தான் ஞாபகம்.

மாஸ்டர் வீட்டுக்குப் போனேன். சங்கத்தின் இரவல் கொப்பியை உடுப்புப் பைக்குள் வைத்து, கடைசிச் சண்டையில் முள்ளிவாய்க்காலுக்கும் அங்கிருந்து சனத்தை அடைத்து வைத்த மெனிக் பாம் முகாமுக்கும் கொண்டு திரிந்தவர் அவர். கடைசி வரி 2008 ஆவணி: "கிடாரம் 1, அகப்பை 2. மில்லடிச் சின்னம்மா, மகள் கலியாணம்." திருப்பித் தந்த இடம் வெறுமையாக இருக்கிறது.

சரி, எப்படியும் கலியாணம் சொல்லப் போக வேண்டிய வீடுதானே என்று போனேன். சின்னம்மா இப்போது தனிய இருக்கிறார். பின்கோடியில் கை கழுவப் போனபோது அடுப்பைக் கண்டேன். ஒரு ஆள் சமைக்கிற வீட்டில் மூன்று பெரிய கல்லு, நடுவில் நான் சப்பாணி கட்டி இருக்கலாம், அவ்வளவு இடைவெளி. பக்கத்தில் தகரத்தால் மூடி ஏதோ இருந்தது. அவித்த நெல் மணம். "இவ்வளவு பெரிய அடுப்பு எதுக்குச் சின்னம்மா?" என்றேன். அவர் தேத்தண்ணி ஆறுகிறது என்றார்.

நானே தகரத்தை விலக்கினேன். கரி பிடித்துக் கறுத்துப் போயிருந்தது. ஆனால் ஒரு பக்கப் பிடியில் ட்ராக்டர் போல்ட். மாமியின் கலியாணத்தில் பிடி கழன்று சோறு சரியப் போனபோது எங்கள் அப்பா முடுக்கிய போல்ட் அது. அப்பா போய்ப் பதினாறு வருடம். அதைத் தொட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன்.

அதற்குப் பிறகு சின்னம்மா எல்லாம் சொன்னார். 2009 தையில் ஊரை விட்டு ஓடும்போது கிடாரத்தைக் கிணற்றடியில் குழி வெட்டித் தாட்டுவிட்டுப் போயிருக்கிறார். திரும்பி வந்து தோண்டி எடுத்து, குந்த வீடும் பானையும் இல்லாமல் வந்தவர்களுக்கெல்லாம் அதில் நெல் அவிக்கக் கொடுத்திருக்கிறார். "ஏன் சங்கத்துக்குச் சொல்லேல்லை?" என்றேன். "கொப்பியில என்ர பேர் கிடக்குப் பிள்ளை. இப்ப கொண்டுபோய்க் குடுத்தா, களவெடுத்தவள் பயத்தில குடுக்கிறாள் எண்டுவினம்."

ஆகவே நான்கு லட்சம் தேவையில்லை. ஈயம் பூசினால் போதும், அந்தச் செலவு என்னுடையது. ஆனால் இரும்புக்காரனுக்கு விற்றவன் என்று எழுதியவர் இதே குழுவில் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

பூவரசடி மூத்தவள், ரொறன்ரோ

---

தங்கச்சி, கிடாரம் கிடைத்தது பெரிய சந்தோசம். ஆனால் கணக்கு கணக்குத்தான். இதற்கென்று இதுவரை சேர்ந்த 1,35,000 ரூபாயும் கொடுத்தவர்களுக்குத் திரும்ப வேண்டும், அல்லது எழுத்தில் சம்மதம் வாங்கி வேறு வேலைக்கு மாற்ற வேண்டும். பந்தல் தகரத்துக்குச் சேர்த்ததில் மிஞ்சிய 42,500 எங்கே என்று மூன்றாவது முறையாகவும் கேட்கிறேன்.

கடைக்கார அண்ணை, சுவிஸ்

---

பக்கத்து ஊர்ச் சங்கம் கலியாண மண்டபமே கட்டிவிட்டது. நாங்கள் நெல் அவித்த கிடாரத்துக்கு ஈயம் பூசுகிறோம். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு நடந்து போகிற சனத்துக்குத் தண்ணீர்ப் பந்தல் போட்ட ஊர் இது, நாலு பேர் பார்த்துச் சிரிக்க விடக்கூடாது. கோயில் கிணறு வெட்டியபோது கல்லுடைத்த கூலியை யார் கொடுத்தது என்பதையும் சிலர் மறந்துவிட்டார்கள். நான் மறக்கவில்லை.

குளத்தடி மருமகன், லண்டன்

---

கொப்பியில் எழுதியிருக்கிற அந்த மகள் நான்தான்.

என் கலியாணத்துக்குச் சோறு, பருப்பு, வாழைக்காய்க் கறி. பலகாரம் சுடவில்லை. துணுக்காய், மல்லாவிப் பக்கச் சனம் சண்டையால் இடம்பெயர்ந்து வந்து பள்ளிக்கூடத்திலும் மரங்களுக்குக் கீழும் இருந்தது. தாலி கட்டின மறுநாளே அம்மா அந்தக் கிடாரத்தில் அவர்களுக்குக் கஞ்சி வைத்தார். மார்கழி வரை அது அடுப்பை விட்டு இறங்கவில்லை. எப்படித் திருப்பித் தருவது?

பெயர் போடாமல் என் தம்பியைப் பற்றி எழுதியவருக்கு ஒன்று. பழைய இரும்புக்காரர் லொறியோடு ஊருக்குள் திரிந்த காலத்தில் தம்பி தடுப்பு முகாமில் இருந்தவன். 2012இல்தான் விட்டார்கள். அவனும் இந்தக் குழுவில் இருக்கிறான், போன மாத மடலையும் வாசித்தவன்.

பூவரசடி அக்கா, ஆவணிக்கு நான் வருகிறேன். கிடாரத்தைக் கொண்டுபோங்கள், அம்மாவுக்கு நெல் அவிக்க வேறு பானை நான் வாங்கிக் கொடுக்கிறேன். தூக்க இரண்டு பேர் வேண்டும். ஒரு பக்கத்தைத் தம்பி பிடிப்பான்.

மில்லடியாள், பாரிஸ்