புதுப்பிப்பு: யூனிட்டி இன்ஸ்டால் கட்டணம் ரத்தான பிறகு

கேம் செய்யும் மென்பொருளான யூனிட்டி, அதில் செய்த கேம்களின் இன்ஸ்டாலுக்குக் கட்டணம் என்று 2023 செப்டம்பர் 12-ல் அறிவித்தபோது, புது கேமை அதில் தொடங்காதீர்கள் என்று எழுதியிருந்தேன். சரியாக ஓராண்டில் அதை ரத்து செய்தார்கள். இலவசமான பெர்சனல் திட்டத்துக்கான ஆண்டு வருமான வரம்பு 2,00,000 டாலர் ஆனது. காசு கட்டும் ப்ரோ திட்டத்தின் விலை 8% ஏறியது.

வியாசர்பாடியில் கேரம் கேம் செய்யும் தம்பிகள் கேட்கிறார்கள்: இனி நம்பலாமா? பயன்படுத்துங்கள், ஆனால் கையில் ஆதாரம் இருக்கட்டும். விலை ஏறுவதைக்கூடத் தாங்கலாம். வெளியாகிவிட்ட கேமுக்கும் விதியை மாற்றப் பார்த்தார்களே, அதுதான் ஆறவில்லை.

புராஜெக்ட்செட்டிங்ஸ் ஃபோல்டரில் புராஜெக்ட்வெர்ஷன் ஃபைலைத் திறந்து பதிப்பைப் பாருங்கள். அந்தப் பதிப்பின் ஒப்பந்தத்தை பிடிஎஃப் ஆக்கி, தேதியோடு கிட்டில் (ஃபைல் மாற்றங்களைப் பதிவு செய்யும் கருவி) போடுங்கள். புதிய பதிப்புக்கு மாற்றுமுன் முழு ஃபோல்டருக்கும் நகல் எடுங்கள். அப்படி மாற்றிய சீன்கள் (கேமின் காட்சி ஃபைல்கள்) பழைய பதிப்பில் ஒழுங்காகத் திறக்காது. சிவப்புக்காய், ஃபாலோ, மைனஸ் கணக்கையெல்லாம் யூனிட்டி தொடாத தனி சி-ஷார்ப் (நிரல் மொழி) ஃபைலில் வையுங்கள். நாளைக்கு கோடோ என்ற இன்னொரு கேம் மென்பொருளுக்குப் போனாலும் அது கூடவே வரும்.